வால்வுக்காரர் வீட்டு அரசாங்கம்

ஊரை இரண்டாகப் பிரித்தபோது ஏழு தெருக்கள் இடுக்கில் விழுந்துவிட்டன.

கிழக்கு நகராட்சிக்கு ஒரு பட்டியல், மேற்கு நகராட்சிக்கு ஒரு பட்டியல் என்று அரசாணை வந்தது. ரயில் பாதைக்கும் மூடிக்கிடந்த நூற்பாலையின் நீளச் சுவருக்கும் நடுவில் இருந்த ஏழு தெருக்கள் இரண்டிலும் இல்லை. மூன்றாம் பக்கம் முடிந்து நான்காம் பக்கம் தொடங்குகிற இடத்தில், தட்டச்சு செய்தவர் டீ குடிக்க எழுந்து போயிருக்க வேண்டும். திரும்பி வந்தவர் அடுத்த பத்தியில் ஆரம்பித்துவிட்டார். நானூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு சலவைக் கடை, இரண்டு மளிகைக் கடை, ஒரு லாரி ஷெட், எல்லாம் ஒரு கோப்பை டீயில் கரைந்து போயின.

இது முதலில் தெரியவந்தது வால்வுக்காரருக்குத்தான்.

அந்த ஏழு தெருக்களுக்கும் இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் ஒவ்வொரு தெருமுனையிலும் பிரியும். பிரிகிற இடத்தில் தரைக்குள் ஒரு குழி, குழிக்கு இரும்பு மூடி, மூடிக்கு அடியில் வால்வு. இடுப்புயர இரும்புக் கம்பி ஒன்று, மேலே குறுக்குப் பிடி வைத்தது, அதுதான் சாவி. அதைக் குழிக்குள் இறக்கி, வால்வில் மாட்டி, இரண்டு கையாலும் வளைந்து சுற்றினால் தெருவுக்குத் தண்ணீர். அந்தக் கம்பியைத் தோளில் சுமந்து சுமந்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டிலும் மாமியார் வாயிலும் மட்டும் புழங்கியது. மற்ற எல்லோருக்கும் அவர் வால்வண்ணன்.

அதிகம் பேசமாட்டார். தண்ணீர் வந்தால் தொட்டி நல்ல தொட்டி என்பார்கள். வராவிட்டால் வால்வண்ணன் மோசம் என்பார்கள். இரண்டுக்கும் அவர் அதே முகத்தோடுதான் நடந்துபோவார்.

மாதக் கடைசியில் சம்பளம் வரவில்லை. கிழக்கு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே புது வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை பார்த்தார்.

"உங்க தெருவெல்லாம் எங்ககிட்ட இல்லையே."

"தெரு இல்லைன்னா பரவாயில்லைங்க. நான் இருக்கேன்ல?"

"நீங்க தெருவோட சேர்ந்தவர். தெரு எங்க போச்சோ அங்க நீங்களும் போயிருப்பீங்க. மேற்குல கேளுங்க."

மேற்கில் கேட்டார். அங்கே நாற்காலிகூட வந்து சேரவில்லை. மேசையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர், கிழக்கில் கேட்கச் சொன்னார். ரெண்டு வீட்டிலும் கல்யாணம், இடையில் செத்தது நாய்க்குட்டி என்பது போல, வால்வண்ணன் ரயில் பாதையைத் தாண்டி வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் ஒரு மெஷின், ஒரு பெரிய மேசை, கழுத்தில் தொங்கும் அளவு நாடா. கணவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"தண்ணி வருதுல்ல?" என்றாள்.

"வருது. தொட்டி ரொப்பறது குடிநீர் வாரியம். ஊரைப் பிரிச்சது அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"அப்போ திறந்துவிடுங்க. சம்பளம் வராததுக்கு சனம் என்ன பண்ணும்?"

வீட்டில் இந்தச் செய்தியைக் கேட்டுக் குதித்தவன் ஒருவன்தான். அவள் தம்பி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், நாற்பது வயது, அக்கா வீட்டு மாடியறையில் தடித்தடியான புத்தகங்களோடு குடியிருந்தான். அரசாங்கமே வேண்டாம், மனிதர்கள் தெருத்தெருவாகக் கூடித் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், தெருக்கள் சேர்ந்து ஊர், ஊர்கள் சேர்ந்து உலகம் என்பது அவன் கட்சி. கல்யாணமும் ஒரு சின்ன அரசாங்கம்தான் என்று அதையும் செய்துகொள்ளவில்லை. அக்கா போடுகிற சாப்பாடு மட்டும் எந்த அதிகாரத்திலும் சேராது.

"மாமா, இது தப்பே இல்ல. இதுக்காக உலகத்துல எத்தனை பேர் ஜெயிலுக்குப் போயிருக்காங்க தெரியுமா? நமக்குச் சும்மா கெடைச்சிருக்கு!"

"சம்பளமும் இல்லாம சும்மாதாண்டா மாப்ள கெடைச்சிருக்கு."

"அரசாங்கம்னா என்ன மாமா? நாமளே செஞ்சுக்கக்கூடியதை நம்மகிட்டருந்து புடுங்கி, அதையே நமக்குச் சலுகைன்னு திருப்பிக் குடுக்கறது. இப்போ புடுங்க ஆள் இல்ல."

"குப்பை அள்ளவும் ஆள் இல்ல" என்றாள் அக்கா, மெஷினை மிதித்தபடி.

அது உண்மை. மூன்று வாரத்தில் தெருமுனைகளில் குப்பை ஆள் உயரம் ஏறியது. சாக்கடை அடைத்து இரண்டாம் தெருவில் நடந்துபோக செங்கல் போட்டார்கள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. மனுக் கொடுக்கக் கிளம்பியவர்களுக்கு யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மச்சினன் வீடு வீடாகப் போய், ஞாயிற்றுக்கிழமை லாரி ஷெட்டில் எல்லோரும் கூடுவோம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். குப்பையைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். ஆனால் நாற்காலியைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

நான்காம் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் கோப்பு கட்டியவர். சலவைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் வரும்போதே வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"கூட்டம்னா ஒரு தலைமை வேணும். தற்காலிகமா நானே..." என்றார்.

மச்சினன் எழுந்தான். முன்னால் நாற்காலி போட்டால் பின்னால் கூட்டம் உருவாகும், கூட்டம் உருவானால் அதை மேய்க்க ஒருவன் உருவாவான் என்றான். ஆகவே எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் எதிர்த்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், ஆனால் அந்த நாற்காலிக்கு எந்த அர்த்தமும் கிடையாது என்று ஒரு மணி நேரம் கழித்து முடிவாயிற்று. அடுத்து, தலையில்லாத சபையில் ஒருவரை 'ஹெட்' என்று கூப்பிடலாமா என்ற கேள்வி வந்தது. கூப்பிடக்கூடாது, வெறும் கிளார்க் போதும் என்றார்கள். வேலையில் இருந்தபோது யாராலும் பிடுங்க முடியாத பதவி, ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து லாரி ஷெட்டில் பறிபோனது.

வால்வண்ணன் ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் நேரத்தோடு எழுகிறவர் என்பதால் நடுவில் இரண்டு தடவை தூங்கினார்.

ஆனாலும் அன்று சாயங்காலத்துக்குள் சில காரியங்கள் ஆயின. நிரந்தரப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. குப்பை, சாக்கடை, விளக்கு, வெளியார் வந்தால் பேசுவது, எல்லாம் வாரத்துக்கு ஒருவர், ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு எடுப்பது. யாரும் யாருக்கும் உத்தரவு போடக்கூடாது. ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவர் ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டும், அல்லது அவருக்குப் பசிக்கும்வரை.

முதல் சீட்டிலேயே சாக்கடை கிளார்க்குக்கு விழுந்தது. அவர் இரண்டு பேனாவையும் வீட்டில் வைத்துவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். அதைப் பார்க்க வந்தவர்கள் வெட்கப்பட்டுத் தாங்களும் இறங்கினார்கள். நான்கு நாளில் சாக்கடை ஓடியது. குப்பையும் போயிற்று. முன்பெல்லாம் ஒரு மனுவுக்குப் பதில் வரவே நான்கு மாதம் ஆகும். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

சீட்டுப் போடாத வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தண்ணீர். "அது வால்வண்ணன் பார்த்துப்பார்" என்றார்கள். அது தொழில்நுட்பம் என்றான் மச்சினன். யாருக்கும் அதில் எதுவும் தவறாகப் படவில்லை.

வால்வண்ணனுக்குச் சம்பளம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வீடுகளிலிருந்து காய், எண்ணெய், சோப்பு, ஒரு ஜோடி செருப்பு என்று வர ஆரம்பித்தன. கூடவே சின்னச் சின்ன வார்த்தைகளும் வந்தன.

"அண்ணே, எங்க தெருவுக்குப் பத்து நிமிஷம் கூட விடக்கூடாதா?"

"அண்ணே, நாளைக்கு வீட்ல விருந்தாளி. கொஞ்சம் பார்த்து..."

இருபத்தாறு வருடமாக அவரைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. இப்போது சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். மளிகைக் கடையில் வரிசை விலகியது. வால்வண்ணன் முதலில் கூசினார். பிறகு பழகிக்கொண்டார். பிறகு, வணக்கம் சொல்லாதவர்கள் யார் என்று பார்க்க ஆரம்பித்தார். தலை இருக்க வால் ஆடக்கூடாது என்பார்கள். தலையே இல்லாத ஊரில் வால்வு ஆடியது.

எட்டாவது ஞாயிறு கூட்டத்தில் கிளார்க் ஒரு கேள்வி எழுப்பினார். எல்லா வேலையும் சீட்டில் வரும்போது தண்ணீர் மட்டும் ஏன் வரக்கூடாது?

"அதுக்கு வேலை தெரியணும்" என்றார் வால்வண்ணன். அது அவர் சபையில் பேசிய முதல் வாக்கியம்.

"என்ன பெரிய வேலை? கம்பியைப் போட்டுச் சுத்தறதுதானே! கோர்ட்டுல எங்க பியூன்கூடச் செய்வான்."

சபை சிரித்தது. வால்வண்ணனும் சிரித்தார். மறுநாள் காலை நான்காம் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை.

கேட்டவர்களுக்கு, அழுத்தம் குறைவு என்றார். இரண்டாம் நாளும் அழுத்தம் குறைவு. மூன்றாம் நாள் காலை நான்காம் தெருக் குழி மூடியின் மேல் நின்று, அதைத் திறக்காமல் தாண்டிப் போனபோது அவர் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கிற இனிப்பு. திரும்பிப் பார்த்தார். கிளார்க் இரண்டு குடத்தோடு மூன்றாம் தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வால்வண்ணன் ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று பகலில் நான்காம் தெருப் பெண் ஒருத்தி தையல்காரியிடம் வந்தாள். கைக்குழந்தைக்காரி. தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்க வந்திருந்தாள்.

"ஏம்மா, அளவெடுக்கவே இல்லையே, அதுக்குள்ள?"

"அளவெடுக்க வர நேரம் எங்கக்கா இருக்கு? மூணு நாளா குழந்தைத் துணி அலசறதுக்கே மேட்டுத் தெருவுக்கும் வீட்டுக்கும் நடக்கறேன். துணியைக் குடுத்துடுங்க. இதையாவது கிழிச்சுக் குழந்தைக்குப் போடறேன்."

சாப்பிட வந்த கணவரிடம் அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலாந் தெருவுக்கு ஏன் தண்ணி வரல?"

"அழுத்தம் இல்ல."

"மேட்டுல இருக்கற மூணாந் தெருவுக்கே ஏறுற தண்ணி, பள்ளத்துல இருக்கற நாலாந் தெருவுக்கு இறங்காதா?"

வால்வண்ணன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். மெஷினை மிதிக்கப் போய்விட்டாள். நான்காம் நாள் காலை அவர் நான்காம் தெருவுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்துவிட்டார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் எழுந்து நின்றாள். அதுவரை அவள் கூட்டத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருப்பாளே தவிரப் பேசியதில்லை.

"ரெண்டு மாசமா இங்க அரசாங்கம் இல்ல, அரசாங்கம் இல்லன்னு எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க. யாரு சொன்னது இல்லன்னு? எங்க வீட்ல கதவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சிருக்கு. இடுப்பு உயரம் இருக்கும்."

சிரித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அவள் நான்காம் தெரு விஷயத்தைச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. துணிக்கு அளவு சொல்வது போலச் சொன்னாள். யார் செய்தது என்று சொல்லும்போது மட்டும் "எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

மச்சினன் துள்ளி எழுந்தான். "அக்கா, நீ புரியாம பேசற. மாமா அதிகாரி இல்ல. உழைப்பாளி. உழைக்கறவன் கையில கருவி இருக்கறது அதிகாரம் ஆகாது..."

"உட்காருடா. ஒன் புத்தகத்துல மாமன் மச்சானுக்குத் தனியா பக்கம் இருக்கா?"

ஷெட் முழுக்கச் சிரித்தது. மச்சினன் உட்கார்ந்தான். பிழை திருத்துகிறவனுக்குத் தன் வீட்டுப் பிழை கண்ணில் படவில்லை.

எல்லோரும் தூண் பக்கம் திரும்பினார்கள். வால்வண்ணனுக்குக் காது இரண்டும் எரிந்தன. பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. அழுத்தத்தைப் பற்றி அந்தச் சபையில் யாருக்கும் எதுவும் தெரியாது. கைக்குழந்தைக்காரி வட்டத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்தார்.

"செஞ்சேன்" என்றார். "பியூன்னு சொன்னது வலிச்சுது. செஞ்சதும் நல்லா இருந்துது. அதான் பயமா இருக்கு. சாவியை எடுத்துக்கங்க."

தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்றால், எல்லோருக்கும் ஒவ்வொரு தடி கொடுத்துவிடுவது என்று சபை முடிவு செய்தது. வெல்டிங் பட்டறையில் அதே அளவில் இன்னும் ஆறு சாவி அடித்தார்கள். தெருவுக்கு ஒரு சாவி, வாரத்துக்கு ஒரு ஆள், சீட்டு. கிளார்க் மட்டும் வெளியே வந்து வால்வண்ணனிடம், "நானும் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு ஏழு தெருக்களும் ஏழு வால்வையும் ஒன்றாகத் திறந்தன. சுதந்திரம் பெருக்கெடுத்துப் பள்ளத்துத் தெருக்களுக்கு ஓடியது. மேட்டிலிருந்த மூன்றாம் தெருக் குழாய்களில் காற்று மட்டும் சீட்டியடித்தது. செவ்வாய்க்கிழமை மூன்றாம் தெரு ஐந்து மணிக்கே திறந்தது. அதைக் கேள்விப்பட்டுப் புதன்கிழமை ஐந்தாம் தெரு நாலரைக்குத் திறந்தது. முதல் தெருவில் யாரோ மூடவே இல்லை. வியாழக்கிழமை தொட்டியே காலி. இரண்டு தெருக்காரர்கள் குடத்தால் அடித்துக்கொண்டதில் குடம் நசுங்கியது.

வால்வண்ணன் தன் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். திங்கட்கிழமை டீ மிகவும் ருசியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. வியாழக்கிழமை வாயில் வைக்க முடியவில்லை. பாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் மேசையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

சிமெண்ட் தரையில் முட்டி போட்டுத் தொட்டியை வரைந்தார். குழாயை வரைந்தார். எந்தத் தெரு மேடு, எது பள்ளம், எங்கே குழாய் குறுகுகிறது, எந்த வால்வு முக்கால் சுற்றுக்கு மேல் போனால் முனகும், எல்லாம் வரைந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் கூடினார்கள்.

"தொட்டி நிறைஞ்சிருக்கும்போது மேடு. தொட்டி வடியும்போது பள்ளம். பள்ளத்துக்காரன் கொஞ்சம் பொறுத்தா மேட்டுக்காரன் குடிப்பான். பள்ளத்துக்காரனுக்கு எப்படியும் வரும். இவ்வளவுதான். இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

"இருபத்தாறு வருஷமா இதைத் தலைக்குள்ளயே வெச்சிருந்தீங்களா?" என்றாள் டியூஷன் டீச்சர் ஒருத்தி.

"சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்குன்னு தோணும்ல."

ஏழு தெருவும் தெருவுக்கு ஒருவரைப் பேச அனுப்பின. அவர்கள் தூது மட்டும்தான். தன் தெரு சொன்னதைச் சொல்லலாம், சொந்தமாக எதையும் ஒத்துக்கொள்ளக்கூடாது. ஆகவே ஒவ்வொரு பேச்சுக்கும் தெருவுக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மூன்று நாள் இப்படி ஓடியதில், எந்தத் தெரு எப்போது திறப்பது என்று ஒரு வரிசை பிறந்தது. மச்சினன் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வந்தான். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அடுத்த திங்கட்கிழமை ஏழு தெருவுக்கும் தண்ணீர் வந்தது. வால்வண்ணன் குழாயடியில் நின்று, மற்றவர்களைப் போல, தண்ணீர் வருவதைப் பார்த்தார்.

ஏழு தெருக்கள் சுத்தமாக இருக்கின்றன என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதிவிட்டது. அதுவரை அவற்றை எங்களுடையது இல்லை என்று சொன்ன இரண்டு நகராட்சிகளும் எங்களுடையதுதான் என்று சொல்ல ஆரம்பித்தன. கிழக்கிலிருந்து உதவி ஆணையர் ஜீப்பில் வந்தார். வெளியாரிடம் பேசும் சீட்டு அந்த வாரம் இஸ்திரிக்காரருக்கு. மறுவாரம் அவர் வந்தபோது டியூஷன் டீச்சருக்கு. மூன்றாவது தடவை வந்தபோது தையல்காரி, அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"உங்க தலைவரைக் கூப்பிடும்மா."

"தலைவர் இல்லைங்க."

"எங்க போயிருக்கார்?"

"எங்கயும் போகலைங்க. தலைவரே கிடையாது."

உதவி ஆணையரின் முகம் இரக்கத்தில் தொங்கியது. "அடடா. எப்போ இறந்தார்?"

"பிறக்கவே இல்லைங்க."

அவர் கோப்பை மூடினார், திறந்தார். "இந்த ஏழு தெருவையும் நாங்க பொறுப்பு எடுத்துக்கப் போறோம். ஒப்படைச்சேன்னு யாராவது கையெழுத்துப் போடணும். போன வாரம் ஒரு டீச்சர், அதுக்கு முன்னால ஒரு சலவைக்காரர், இப்போ நீங்க. யாரைத்தான் நான் நம்பறது?"

"எல்லாரையும் நம்பலாம். இல்லன்னா நானூறு வீட்லயும் கையெழுத்து வாங்கிக்கங்க. காபி, டீ வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க. இல்லன்னா வயிறு கெட்டுடும்."

அவர் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் திருத்தாணை ஒன்று வந்தது: ஏழு தெருக்களும் தொடக்கத்திலிருந்தே கிழக்கு நகராட்சியில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும். கருதப்படுவதற்குக் கையெழுத்து தேவைப்படவில்லை.

வால்வண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இந்தத் தடவை பதவியும் கூடியிருந்தது: வால்வு மேற்பார்வையாளர். வால்வுகளை இயக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்கே உண்டு என்றும், பொதுமக்களிடம் உள்ள சாவிகளை உடனே பறிமுதல் செய்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் ஆணையில் இருந்தது. அதைப் படித்தபோது அந்தப் பழைய இனிப்பு நெஞ்சுக்குள் ஒரு தடவை புரண்டு படுத்தது. அவர் காகிதத்தை மடித்து மனைவியிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

காலையில் மூன்றாம் தெருமுனைக்குப் போனபோது டியூஷன் டீச்சர் குழிக்கு மேல் குனிந்து சுற்றிக்கொண்டிருந்தாள். முக்கால் சுற்றில் நிறுத்தினாள். வால்வு முனகவில்லை.

"என்னண்ணே இங்க? இந்த வாரம் உங்க சீட்டு இல்லையே?"

"இல்ல, சும்மா வந்தேன்."

"சும்மாதானே? அப்போ இந்த மூடியை ஒரு கை பிடிங்க."

பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். சாவிகளைப் பறிமுதல் செய்தாயிற்றா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். யாரிடம் இருக்கிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறுவதால் கண்டுபிடிக்க இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தினமும் நிரப்ப ஒரு பதிவேடு கொடுத்திருந்தார்கள்: வால்வு திறந்த நேரம், மூடிய நேரம், திறந்தவர் பெயர். நேரத்தை நேர்மையாக எழுதினார். பெயர் என்ற இடத்தில் 'தெரு' என்று எழுதினார். தெரு என்பவர் யார், எந்த நிலை ஊழியர், எப்போது பணியில் சேர்ந்தார் என்று தணிக்கைக் குழு விளக்கம் கேட்டது. அந்தக் கடிதத்துக்கு இரண்டு வருடம் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பணிக்காலத்திலேயே அதிகம் உழைத்தது அந்த இரண்டு வருடம்தான் என்று சொல்லலாம்.

அவர் ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் சால்வை போட்டார்கள். உதவி ஆணையர் பேசினார்: "இவர் ஒரு நாள் வராவிட்டால் ஏழு தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இப்படிப்பட்ட ஊழியர்களால்தான் அரசாங்கம் நடக்கிறது." வால்வண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் கண்ணில் நீர் கோத்துத் தோள் குலுங்கியது. பிரிவுத் துயரம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கொடியில் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனார். அன்று ஞாயிறு இல்லை. ஆனால் தெருநாய்களைப் பற்றிய பேச்சு மூன்று கூட்டமாக முடியாமல் தனிக்கூட்டம் போட்டிருந்தார்கள். நாய்களுக்கு எந்தத் தெரு சோறு வைப்பது என்பது பிரச்சினை. நாய்கள் எல்லைகளை ஒப்புக்கொள்ளாதவை, ஆகவே அவை நம் கட்சி என்று மச்சினன் பேசிக்கொண்டிருந்தான். தையல்காரி, ஏழாம் தெரு ஓரத்தில் ஒரே இடத்தில் வைக்கலாம் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பசி வேளை, முடிந்துவிடும் போலிருந்தது.

"நான் ஒத்துக்கல" என்றார் வால்வண்ணன்.

இருநூறு தலைகள் திரும்பின. அவள் ஊசியை நிறுத்தினாள். "ஏன்?"

"அது குறுகல் தெரு. பள்ளிக்கூடம் போற குழந்தைங்க நடக்கற வழி. நாய்ங்க சோத்துக்கு அடிச்சுக்கும்போது குறுக்க யாரு போறது?"

"அப்போ எங்க வைக்கலாம்னு சொல்லுங்க."

"தெரியல. பேசலாம்."

வட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கிளார்க் எழுந்து போய், நேரமாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். வால்வண்ணன் சால்வையைக் கையோடு கொண்டுவந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, தரை சில்லென்று இருந்ததால் காலை மடித்து வசதியாக உட்கார்ந்தார்.